கிரீன்-வுட் கல்லறைத் தோட்டத்தில் வலசைக் காலம்: அடையாளம் தெரியாத மஞ்சள் குருவிகளும் ஒரு மாமியார் கேள்வியும்

தையல்சிட்டு | செப்டம்பர் 18, இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். கோடையில்தான் புரூக்ளினுக்குக் குடிவந்தோம், சன்செட் பார்க் பக்கம். கிரீன்-வுட் கல்லறைத் தோட்டம் நடக்கும் தூரத்தில் இருப்பதால் காலையில் பைனாகுலருடன் போய்வருகிறேன். இரண்டு கேள்விகள்.

ஒன்று, பறவை பற்றியது. வழிகாட்டிப் புத்தகத்தில் வார்ப்ளர்கள் என்ற சிறு குருவிகள் பட்டுப்புடவைக் கடை பொம்மை மாதிரி இருக்கின்றன. நான் பார்ப்பதெல்லாம் அழுக்கு மஞ்சள், அழுக்குப் பச்சை. எல்லாம் ஒரே பறவையா, பத்து இனமா என்றே தெரியவில்லை. இன்று எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். இறக்கையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நெஞ்சு மங்கலான மஞ்சள், அதில் தேய்ந்துபோன கீற்றுகள். யார் இவர்?

இரண்டு, மாமியார் பற்றியது. ஊரிலிருந்து வந்திருக்கிறார். “சுடுகாட்டுக்குப் போய் யாராவது குருவி பார்ப்பார்களா?” என்கிறார். திரும்பி வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் வரவேண்டும். குளிப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் அடக்கம் நடக்கும் இடத்தில் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு நிற்பது முறைதானா என்று எனக்கே ஒரு நெருடல். பழகியவர்கள் சொல்லுங்கள்.

செம்போத்து | செப்டம்பர் 18, இரவு 11:40

வாருங்கள் தையல்சிட்டு. முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், பறவைக்குப் பிறகு வருகிறேன்.

கிரீன்-வுட் 1838இல் தொடங்கியது, 478 ஏக்கர். பனியுகத்தில் பனிப்பாறை தள்ளிக்கொண்டுவந்து குவித்துவிட்டுப் போன மண்மேட்டின் மேல் இருக்கிறது. அதனால்தான் பெரும்பாலும் சமதளமான புரூக்ளினில் இங்கு குன்றும் பள்ளமும் குளமுமாக இருக்கிறது. இரவெல்லாம் பறந்த சிறு பறவை விடியும்போது கீழே பார்த்தால் கூரையும் தாரும் காங்கிரீட்டுமாகத் தெரியும். அதன் நடுவில் ஆயிரக்கணக்கான மரங்களோடு ஒரு பச்சைத் திட்டு. இறங்காமல் என்ன செய்யும்? பக்கத்திலேயே பிராஸ்பெக்ட் பார்க்கும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு: பூங்காவில் நாய், சைக்கிள், ஓட்டப் பயிற்சி, பந்து விளையாட்டு எல்லாம் உண்டு. இங்கு எதற்கும் அனுமதி இல்லை. தரையில் மேயும் பறவைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இரவு முழுக்க வாசல் பூட்டிக்கிடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிற்பது என்று புதியவர்கள் கேட்பார்கள். என் விருப்பம் சில்வன் வாட்டர் குளத்தைச் சுற்றியுள்ள சரிவுகள். காலை வெயில் முதலில் விழும் பக்கமாக நின்றுகொள்ளுங்கள். வெயில் பட்ட இலையில்தான் பூச்சி முதலில் அசையும், பூச்சி அசையும் இடத்துக்குத்தான் வார்ப்ளர் வரும். செப்டம்பரில் ரெட்ஸ்டார்ட், பருலா, மேக்னோலியா, கருப்பு-வெள்ளை வார்ப்ளர். அக்டோபர் பிறந்தால் ஆட்டம் மரத்திலிருந்து தரைக்கு இறங்கிவிடும். பாம் வார்ப்ளர் கல்லறைகளுக்கு நடுவே புல்லில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். ஃபீபி கல்லின் உச்சியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். ஃபிளிக்கர் மரங்கொத்தியாகப் பிறந்தும் மரத்தை விட்டுவிட்டுத் தரையில் எறும்பு தின்னும்.

உங்கள் படம். நெஞ்சுக் கீற்றும் இறக்கைக் கோடும் வைத்து முடிவு செய்ய முடியாது. இந்தப் பருவத்தில் மூவர் இப்படி இருப்பார்கள்: பிளாக்போல், பே-பிரெஸ்டட், பைன். அந்தப் பறவையின் கால் தெரியும் படம் வேறு இருக்கிறதா? வாலுக்கு அடிப்புறம் என்ன நிறம்? முதுகில் கீற்று உண்டா?

உண்ணிக்கொக்கு | செப்டம்பர் 19, காலை 7:05

நெல்லையிலிருந்து ஒரு சந்தேகம். பறவையின் கால் நிறத்தைப் பார்க்கும் அளவுக்கு அது உட்கார்ந்து காட்டுமா?

செம்போத்து | செப்டம்பர் 19, காலை 7:31

காட்டாது. அதனால்தான் கழுத்துவலி.

கல்குருவி | செப்டம்பர் 19, காலை 10:15

எந்த நாள் போவது என்பதைச் செம்போத்து அண்ணா சொல்லவில்லை. எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் நான் நியூஜெர்சியிலிருந்து ரயில் பிடித்து வரவேண்டும்.

இலையுதிர்காலத்தில் பார்க்கவேண்டியது காற்று. குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு (குளிர் முகப்பு) ஒன்று கடந்துபோய், வானம் தெளிந்து, வடமேற்கிலிருந்து காற்றடிக்கும் இரவு வந்தால் மறுநாள் காலை விடுப்பு எடுத்துவிடுங்கள். தெற்கே போகும் பறவைக்கு அது முதுகுக் காற்று. அதற்கு முந்தைய நாட்களில் தென்காற்றும் மழையுமாக இருந்திருந்தால் இன்னும் நல்லது. வடக்கே தேங்கி நின்ற கூட்டமெல்லாம் ஒரே இரவில் கிளம்பும். அந்தக் காற்று அவற்றைக் கிழக்கே கடலோரமாகவும் தள்ளும். குறிப்பாக இந்த ஆண்டு பிறந்து முதன்முறை வலசை போகும் இளம் பறவைகள் கடற்கரைப் பக்கம் வந்து குவியும். நீங்கள் பார்க்கும் அழுக்கு மஞ்சளில் பெரும்பகுதி அந்தப் பிள்ளைகள்தான். வசந்தத்தைவிட இப்போது எண்ணிக்கை அதிகம் என்பதற்கும் அதுவே காரணம். போகும்போது பெற்றோருடன் பிள்ளைகளும் சேர்ந்து போகின்றன. குளிர்காலத்தைத் தாண்டித் திரும்புவது அவற்றில் ஒரு பங்குதான்.

வானிலை ரேடாரில் இந்த நகர்வு மழைமேகம் போலவே பதிவாகும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகமும் கூட்டாளிகளும் அதைப் படித்து ‘பேர்ட்காஸ்ட்’ என்று இணையத்தில் போடுகிறார்கள். மாலையில் முன்னறிவிப்பு, இரவில் நேரடி வரைபடம். தூங்கும் முன் அதைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வீட்டில் திட்டு விழுகிறது.

வால்காக்கை | செப்டம்பர் 19, பிற்பகல் 1:50

இரண்டாவது கேள்வியை எல்லோரும் நழுவவிட்டீர்கள். நான் சொல்கிறேன்.

போன ஆண்டு என் நெருங்கிய உறவினர் ஒருவரை இந்த நகரத்தின் வேறொரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போது முப்பதடி தள்ளி ஒருவர் பீரங்கி அளவு லென்ஸை மரத்தின் மேல் திருப்பிப் படபடவென்று எடுத்துக்கொண்டிருந்தார். நகரவே இல்லை. மரத்தில் ஏதோ அரிய பறவையாம். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே தையல்சிட்டுவின் மாமியார் கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது என்பேன். குருவி பார்க்க ஊரில் வேறு இடமா இல்லை?

செம்போத்து | செப்டம்பர் 19, மாலை 6:22

வால்காக்கை, அந்த மனிதர் செய்தது அநாகரிகம். அதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் கிரீன்-வுட் போன்ற இடங்களின் வரலாறு வேறு. நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே இது வந்துவிட்டது. அன்று நகரத்து மக்களுக்கு மரநிழலில் நடக்கப் பெரிய பொது இடம் கிடையாது. 1831இல் பாஸ்டன் அருகே மவுன்ட் ஆபர்ன் தொடங்கியபோதே எண்ணம் அதுதான்: புதைப்பதற்கும் உலாவுவதற்குமான தோட்டம். 1860களில் கிரீன்-வுட்டுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் பேர் வந்தார்கள், சவாரி வண்டியில் குடும்பம் குடும்பமாக. பின்னால் பொதுப் பூங்காக்கள் அமையத் தூண்டியதே இந்தக் கூட்டம்தான். உலாவ வருபவர் இங்கு அத்துமீறி நுழைந்தவர் அல்லர், முதலிலிருந்தே எதிர்பார்க்கப்பட்ட விருந்தாளி.

மவுன்ட் ஆபர்னில் பறவையியலாளர் வில்லியம் புரூஸ்டரின் கல்லறை இருக்கிறது. பறவைப் பாதுகாப்புக்கான மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கத்தின் முதல் தலைவர் அவர். லட்லோ கிரிஸ்கமும் அங்கேதான். துப்பாக்கியால் சுட்டுக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும் என்றிருந்த காலத்தில், பைனாகுலரில் பார்த்தே சொல்லலாம் என்று காட்டிய மனிதர். ஒவ்வொரு வசந்தத்திலும் அவர்களுக்கு மேலே நூறு பேர் வார்ப்ளர் பார்க்கிறார்கள். அவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வால்காக்கை | செப்டம்பர் 19, இரவு 8:03

> முதலிலிருந்தே எதிர்பார்க்கப்பட்ட விருந்தாளி

1860இல் இறந்தவர்களுக்கு அது சரி. நேற்று இறந்தவரின் மகளுக்கு அந்த வரலாறு எதற்கு? விருந்தாளிக்கும் எந்த அறைக்குள் நுழையலாம், எதற்குள் கூடாது என்று இருக்கிறது அல்லவா?

செம்போத்து | செப்டம்பர் 19, இரவு 8:40

இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் கடைப்பிடிப்பதை எழுதுகிறேன். கூடாரத் துணி, பச்சை விரிப்பு, வரிசையாக நிற்கும் கார்கள் ஏதாவது கண்ணில் பட்டால் அந்தப் பாதையையே விட்டுவிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவோம். 478 ஏக்கரில் ஒரு பறவைக்கு மாற்று கிடைக்கும். தனியாக ஒருவர் கல்லறை முன் நின்றால் அவர் இருக்கும் திசைக்கு பைனாகுலரைத் திருப்புவதில்லை, பறவை அங்கேதான் இருக்கிறது என்றாலும். கல்லின் மேல் பையை வைப்பதில்லை, சாய்வதில்லை. பழைய கற்கள் வலுவிழந்திருக்கும், சாய்ந்தால் விழும் என்பது வேறு விஷயம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது கூடவே கூடாது. பறவைக்கும் தொல்லை, துக்கத்தில் இருப்பவருக்கும் தொல்லை. ஆந்தை எந்த மரத்தில் இருக்கிறது என்று பொதுவில் எழுதுவதில்லை. நீங்கள் சொன்ன பீரங்கிக்காரர்கள் கூடுவது பெரும்பாலும் ஆந்தைக்குத்தான்.

முத்துக்குளிப்பான் | செப்டம்பர் 20, காலை 6:48

தூத்துக்குடிக்காரன், இப்போது குயின்ஸ் வாசி. ‘நம்மவர்களுக்குக் கல்லறை என்றால் தீட்டு’ என்று பொதுவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஊரில் வந்து பாருங்கள். ஒரு வாரத்துக்கு முன்பே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அன்று பூவும் மெழுகுவத்தியுமாகக் குடும்பமே அங்கேதான் இருக்கும். நாங்கள் சிறு பிள்ளைகளாக அங்கே ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறோம், தாத்தா கல்லின் மேலேயே. யாரும் வைததில்லை. மயானம் என்பதும் கல்லறைத் தோட்டம் என்பதும் தமிழர்களுக்குள்ளேயே வீட்டுக்கு வீடு வேறு வேறு.

வால்காக்கையின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அது ஒரு மனிதரின் நடத்தை மேல் உள்ள வருத்தம். அதை இடத்தின் மேல் ஏற்றவேண்டாம்.

மீன்கொத்தி_சிங்கை | செப்டம்பர் 20, காலை 9:30

சிங்கப்பூரில் புக்கிட் பிரவுன் இருக்கிறது. 1922இல் திறந்து 1973இல் மூடிய சீனர்களின் கல்லறைக் காடு, சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். அரைநூற்றாண்டாகப் புதிய அடக்கம் இல்லை, அதனால் உங்கள் சிக்கல் எங்களுக்குக் குறைவு. மரமும் கொடியும் ஏறி அது காடாகவே மாறிவிட்டது. செப்டம்பர், அக்டோபரில் சைபீரியா பக்கமிருந்து வரும் ஈப்பிடிப்பான்களும் கீச்சான்களும் அங்கு இறங்கும். எட்டுவழிச் சாலை ஒன்றை அதன் நடுவே போடுவதற்காகச் சில ஆயிரம் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். அப்போது எதிர்த்துப் பேசியவர்களில் கல்லறைக்குரிய குடும்பங்களும் இருந்தன, பறவை பார்க்கிறவர்களும் இருந்தார்கள். இருவரும் ஒரே பக்கம். இதை வால்காக்கைக்காகச் சொல்கிறேன்.

வால்காக்கை | செப்டம்பர் 20, காலை 11:10

கவனித்தேன். ஆனாலும் லென்ஸ்காரரை மன்னிக்கவில்லை.

தையல்சிட்டு | செப்டம்பர் 21, இரவு 9:55

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. முத்துக்குளிப்பான் எழுதியதை மாமியாருக்குப் படித்துக்காட்டினேன். “அது அவர்கள் தாத்தா. இது யார் தாத்தா?” என்று கேட்டுவிட்டார். பதில் இல்லை.

செம்போத்து அண்ணா, அதே பறவையின் இன்னொரு படம் கிடைத்தது. வாலுக்கு அடியில் சுத்த வெள்ளை. கால் மேலே கருமை, ஆனால் விரல்கள் மட்டும் மஞ்சள் மாதிரி இருக்கின்றன. வெயிலின் வேலையா என்று தெரியவில்லை. முதுகில் மெல்லிய கருங்கீற்று உண்டு.

செம்போத்து | செப்டம்பர் 21, இரவு 10:20

வெயிலின் வேலை இல்லை, அதுதான் விடை. பிளாக்போல் வார்ப்ளர். கால் கருத்திருந்தாலும் பாதம் மஞ்சளாக இருப்பது அதன் கையெழுத்து. பே-பிரெஸ்டட் என்றால் பாதமும் கருப்பு, வாலின் அடிப்புறத்தில் சந்தன நிறம் ஏறியிருக்கும். பைன் என்றால் முதுகில் கீற்றே இருக்காது, அலகும் தடிமனாக இருக்கும்.

நீங்கள் பார்த்தவர் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள். 12 கிராம். கனடா, அலாஸ்கா ஊசியிலைக் காடுகளில் பிறந்து, தென் அமெரிக்காவுக்குப் போகிறவர். மற்ற வார்ப்ளர்களில் பெரும்பாலானவை நிலத்தை ஒட்டியோ மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டியோ போகும்போது, இவர் இந்தக் கடற்கரையிலிருந்து நேராக அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் கிளம்பிவிடுவார். நெடுங்காலம் இது ஊகமாகவே இருந்தது. 2015இல் வெளியான ஆய்வில், முதுகில் அரை கிராம் எடையுள்ள பதிவுக் கருவியைக் கட்டி அனுப்பி, திரும்பி வந்தவற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று நாட்கள் தரையே தொடாமல், ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர், கரீபியன் தீவுகள் வரை. இறங்கி ஓய்வெடுக்க நடுவில் ஒன்றும் இல்லை. கிளம்பும் முன் தின்று தின்று கொழுப்பேற்றி எடையை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். நீங்கள் படம் எடுத்தபோது அது ஓக் இலையில் புழு தேடிக்கொண்டிருந்தது அல்லவா? பயணத்துக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது.

அதனால்தான் நெருங்கிப்போய்க் கலைக்காதீர்கள் என்று சொல்வது. ஒவ்வொரு முறை கலைந்து பறப்பதும் அதன் கணக்கில் கழிவு.

உண்ணிக்கொக்கு | செப்டம்பர் 22, காலை 6:40

12 கிராமா! எங்கள் வீட்டு எலுமிச்சம்பழம் அதைவிடக் கனம்.

அந்த நகரத்தின் விளக்கு வெளிச்சத்தில் அது குழம்பிப்போகாதா?

கல்குருவி | செப்டம்பர் 22, காலை 9:00

குழம்பும். செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுதோறும் தெற்கு மன்ஹாட்டனிலிருந்து வானுக்கு இரண்டு ஒளித்தூண்கள் எழுப்புகிறார்கள். சரியாக வலசை உச்சத்தில் வருகிறது. அந்த ஒளியில் சிக்கிய பறவைகள் வெளியேறத் தெரியாமல் வட்டமடிக்கும், கூவிக்கொண்டே இருக்கும். 2017இல் வெளியான ஆய்வு, ஏழு இரவுகளில் 11 லட்சம் பறவைகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. விளக்கை அணைத்தால் சில நிமிடங்களில் கலைந்து போய்விடுகின்றன என்பதையும் அதுவே காட்டியது. தன்னார்வலர்கள் அன்றிரவு முழுக்க அடியில் படுத்து எண்ணுகிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் இருபது நிமிடம் விளக்கு அணைக்கப்படும்.

நினைவுச்சின்னத்தை நடத்துபவர்களும் பறவைக்காரர்களும் சண்டையில்லாமல் கண்டுபிடித்த வழி இது. ஒளித்தூண்களே கூடாது என்று யாரும் நிற்கவில்லை, பறவை செத்தால் சாகட்டும் என்றும் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடிக் கட்டடங்கள்தான் ஆண்டு முழுக்க கொல்கின்றன. அதற்கு இருபது நிமிட வழி ஏதும் இல்லை.

தையல்சிட்டு | அக்டோபர் 9, இரவு 8:30

இழையைத் தூசி தட்டுகிறேன். கல்குருவி சொன்ன வடமேற்குக் காற்று நேற்றிரவு அடித்தது. இன்று காலை வாசல் திறந்ததும் உள்ளே போனேன். புல்வெளி முழுக்க பாம் வார்ப்ளர், மரமெல்லாம் யெல்லோ-ரம்ப்டு வார்ப்ளர், கிங்லெட் கூட்டம் தலைக்கு மேல் கையெட்டும் உயரத்தில். சாப்சக்கர் மரங்கொத்தி ஒன்று லிண்டன் மரத்தில் வரிசை வரிசையாகத் துளை போட்டு வைத்திருந்தது, அதில் கசியும் சாற்றுக்குக் குளவிகள். டாக்வுட் மரத்துப் பழத்துக்கு ஹெர்மிட் திரஷ்களும் ராபின்களும் சண்டை.

ஒரு செய்தி: மாமியாரும் வந்தார், ஆனால் வாசல் வரைதான். அந்தக் கோபுர வாசலில் பச்சைக்கிளி கத்துவதைக் கேட்டு நின்றவர் அங்கேயே ஒரு மணி நேரம் இருந்துவிட்டார். “மதுரைக் கோபுரத்தில்தான் கிளி இருக்கும், இங்கே எப்படி?” என்றார். அந்தக் கிளிகளின் கதை என்ன?

செம்போத்து | அக்டோபர் 9, இரவு 9:15

அவை மங்க் கிளிகள், அர்ஜென்டினா பக்கத்துக்காரர்கள். 1960களிலும் 70களிலும் வளர்ப்புக்காகக் கப்பல் கப்பலாக இறக்குமதியானவற்றில் தப்பியவை, விடப்பட்டவை. விமான நிலையத்தில் பெட்டி உடைந்து பறந்தன என்று ஒரு கதை எல்லோரும் சொல்வார்கள், நான் அதில் பந்தயம் கட்டமாட்டேன். மற்ற கிளிகள் பொந்து தேடும்போது இது ஒன்றுதான் குச்சி அடுக்கிக் கூடு கட்டும், அதுவும் பல ஜோடிகள் சேர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்பாக. 1860களில் கட்டடக் கலைஞர் அப்ஜான் கட்டிய கோதிக் வாசலின் முனைகள் அதற்குத் தோதாக அமைந்துவிட்டன. பனியில் அந்தக் கூட்டுக்குள்தான் குளிர் தாங்குகின்றன.

இன்னொரு குடியேறியும் அதே வாசலைச் சுற்றி இருக்கும், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை: சிட்டுக்குருவி. நம் ஊரில் காணவில்லை என்று ஆண்டுதோறும் கவலைப்படுகிறோமே, அதே இனம். 1850களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து புரூக்ளினில் விட்டார்கள், கிரீன்-வுட்டிலும் ஒரு தொகுதி விடப்பட்டது. அமெரிக்கா முழுக்க அது பரவிய கதையின் முதல் அத்தியாயத்தில் இந்தத் தோட்டமும் இருக்கிறது. இன்று இந்நாட்டுப் பறவைகளின் பொந்துகளைப் பிடுங்கிக்கொள்கிறது என்று அதை வெறுப்பவர்கள், கிளியை மட்டும் கொஞ்சுகிறார்கள். நிறம் செய்யும் வேலை.

முத்துக்குளிப்பான் | அக்டோபர் 10, காலை 7:20

கழுகுகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. பேட்டில் ஹில் மேலே போய் நில்லுங்கள். புரூக்ளினின் மிக உயர்ந்த இயற்கை மேடு, சுமார் 200 அடி. 1776 ஆகஸ்டில், அமெரிக்க விடுதலைப் போரின்போது, புரூக்ளின் போர் நடந்த இடம். அங்கே மினர்வா சிலை கையை உயர்த்தித் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திரதேவியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அகன்ற சிறகுப் பருந்துகளின் கூட்டம் செப்டம்பர் மூன்றாம் வாரத்தோடு முடிந்துவிட்டது. இப்போது ஷார்ப்-ஷின்ட், கூப்பர் பருந்துகள், மெர்லின் வல்லூறு. சின்னப் பறவைகள் எங்கே குவிகின்றனவோ அங்கே இவையும் வரும். பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறினால்தான் பயன், அதற்குள் வார்ப்ளர் முடித்துவிட்டு ஏறலாம்.

வால்காக்கை | அக்டோபர் 11, இரவு 10:05

நவம்பர் 2 பற்றி ஒரு வேண்டுகோள். முத்துக்குளிப்பான் சொன்ன திருநாள் இங்குள்ள மெக்சிகோ, எக்குவடோர் குடும்பங்களுக்கும் பெரிய நாள். அன்று பலர் கல்லறைகளுக்கு வருவார்கள். பறவைக்காரர்கள் அந்த ஒரு நாள் பிராஸ்பெக்ட் பார்க்குக்குப் போகக்கூடாதா?

செம்போத்து | அக்டோபர் 11, இரவு 10:30

நான் போகிறேன். மற்றவர்களுக்காக வாக்குக் கொடுக்க முடியாது.

கல்குருவி | அக்டோபர் 12, காலை 8:10

ஷார்ப்-ஷின்ட் வந்து கலைத்துவிட்டால் அன்றைய வார்ப்ளர் காலி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப்பட்ட வெறுப்பு உண்டு. ஆனாலும் நவம்பர் 2க்கு நானும் பிராஸ்பெக்ட் பார்க்.

தையல்சிட்டு, யெல்லோ-ரம்ப்டு இன்னும் வாரக்கணக்கில் இருக்கும், அவசரமில்லை. பேபெரிக் காயின் மெழுகைச் செரிக்கத் தெரிந்த வார்ப்ளர் அது, பூச்சி இல்லாவிட்டாலும் சமாளிக்கும். மாத இறுதியில் ஸ்பாரோக்களைக் கவனியுங்கள்: ஒயிட்-த்ரோட்டட், ஜங்கோ, நவம்பரில் பெரிய செம்பழுப்பு ஃபாக்ஸ் ஸ்பாரோ இலைச்சருகை இரண்டு காலாலும் பின்னுக்குத் தள்ளிக் கிளறும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் மாறுகிறது, தோட்டத்தின் நேரமும் பருவத்துக்கேற்ப மாறும். உள்ளே மாட்டிக்கொள்ளாமல் வாசலில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

தையல்சிட்டு | அக்டோபர் 12, மாலை 5:45

நன்றி. சனிக்கிழமை வருவதாக இருந்தால் சொல்லுங்கள், ஆர் ரயிலில் 25ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கி ஐந்தாம் அவென்யூ வாசலுக்கு வந்துவிடுங்கள். மாமியார் கிளி பார்க்கக் கூட வருவார். காபி ஃபிளாஸ்க் அவரிடம்தான் இருக்கும், உள்ளே சாப்பிட அனுமதி இல்லை என்பதால் வாசலிலேயே குடித்துவிட்டுப் போகலாம்.